விற்குதையில் விழுந்த வெடிப்பு

ஆசிரியர் வில்லை வாங்கி நாணை இறக்கினார். பிறகு மேல்முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வந்தார். நாண் உட்காரும் பள்ளத்தைத் தாண்டிக் கால் அங்குலம் போனதும் நகம் தடுக்கி நின்றது. வில்லை என் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். தலைமுடி ஒட்டியிருப்பதைப் போல ஒரு கோடு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பள்ளத்தின் அடியில் தொடங்கி, மர அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தின் வழியே அது உள்ளே இறங்கியிருந்தது.

“என்ன நாண் போட்டாய், தம்பி?”

பெயரைச் சொன்னேன். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மெல்லிய, கறுத்த, கொஞ்சமும் இழுபடாத நாண். அதைப் போட்ட முதல் நாளே அம்பு பாய்ந்த விதத்தைப் பார்த்து நான் பூரித்துப் போயிருந்தேன்.

“அம்பை மனத்தில் வைத்து வாங்கியிருக்கிறாய். வில்லைக் கேட்டிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. அந்த வில் அவர் எனக்குக் கொடுத்தது. பல ஆண்டுகள் அவரே எய்து, துடைத்து, எண்ணெயிட்டுக் காத்த வில். முனைகள் முன்னோக்கி வளைந்த மர வில்; நீளம் 60 அங்குலம், 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க 45 பவுண்டு விசை வேண்டும். மரத்தின் முகத்திலும் முதுகிலும் கண்ணாடி இழைத் தகடு ஒட்டியிருக்கும். முனைகளில் மட்டும் எந்தக் கவசமும் கிடையாது. வெறும் மரத்தில் அரத்தால் ராவிய பள்ளம். அதைச் செய்தவர் காலத்தில் இழுபடாத நாண் என்ற ஒன்று புழக்கத்திலேயே இல்லை. அவர் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை என்று குறை சொல்வதற்கு வழியில்லை.

நாண் உட்காரும் அந்தப் பள்ளத்திற்குத் தமிழில் விற்குதை என்று ஒரு சொல் இருக்கிறது. அகராதியில் தூங்கிக்கொண்டிருக்கும் சொல். எனக்கு அது அன்று முதல் அன்றாடச் சொல்லாகிவிட்டது. இப்போது யாராவது என்னிடம் வந்து “என் வில்லுக்கு எந்த நாண் நல்லது?” என்று கேட்டால், எத்தனை பவுண்டு என்றோ எவ்வளவு நீளம் என்றோ நான் கேட்பதற்கு முன், விற்குதையைக் காட்டச் சொல்கிறேன். மீதிக் கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் என்று விளங்க வேண்டுமானால், அம்பு கிளம்பிய பிறகு வில்லுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நாம் எல்லோரும் அம்பின் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோய் விடுகிறோம். விரல் விலகியதும் வில்லின் இரு கைகளும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள், முன்னோக்கிப் பாய்கின்றன. நாண் நேராகிவிட்டால் அதற்கு மேல் அவை போக வழியில்லை; நாண்தான் அவற்றைப் பிடித்து நிறுத்தும் கடிவாளம். வில்லில் சேர்ந்திருந்த ஆற்றலில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மீதி கைகளிலும் நாணிலும் தங்கிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு கைகளையும் அந்த ஒரே கணத்தில் நாண் நிறுத்தியாக வேண்டும். அப்போது நாணில் ஏறும் இழுவிசை, நீங்கள் முழுதாக இழுத்துப் பிடித்திருந்தபோது இருந்ததைவிட அதிகம். அந்த விசை முழுவதும் போய் இறங்கும் இடம் விற்குதை. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத மரம்.

நாண் சற்று இழுபடும் தன்மை உள்ளதாக இருந்தால் அந்த அடி கொஞ்சம் பரவி இறங்கும். இழுபடாத நாணில் அது ஒரே குத்தாக இறங்கும். உயரத்திலிருந்து குதிப்பவன் முழங்காலை மடக்கி இறங்குவதற்கும் காலை விறைத்துக்கொண்டு இறங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. போதாக்குறைக்கு, இழுபடாத நாண்கள் மெல்லியவை. நாணின் முனையில் விற்குதையில் மாட்டும் வளையத்தைக் கண்ணி என்போம். மெல்லிய கண்ணி சிறிய பரப்பில் அழுத்தும். மென்மையான மரத்தில் கத்தி போல் பதியும். என் வில்லில் இரண்டும் சேர்ந்து நடந்தன. மூன்று வாரம், நாளுக்கு அறுபது எழுபது அம்பு.

இழுபடும் நாண், இழுபடாத நாண் என்று சொல்கிறேனே, அவை எவை? இன்று மரபு வில்லாளர்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களுக்குள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று டேக்ரான். அது பாலியெஸ்டர், சட்டைத் துணியில் இருக்கும் அதே பொருள்தான். பி50, பி55 என்ற பெயர்களில் விற்கும் நூல்கள் இந்த வகை. இன்னொன்று மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்பவை அந்த இழையின் வணிகப் பெயர்கள். 1980களில் ஃபாஸ்ட் ஃபிளைட் என்ற பெயரில் இது வில்லுலகுக்குள் வந்தது. அந்தப் பெயர் இன்று அந்த வகை முழுவதற்குமே பொதுப்பெயர் போல் ஆகிவிட்டது. டி97 போன்றவையும் இந்தக் குடும்பம்தான். இதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ஒரு துண்டு நூலைக் கிண்ணத்தில் போட்டால் மிதக்கும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். டேக்ரான் மூழ்கிவிடும்.

இவை இரண்டிற்கும் இடையில் கெவ்லார் வந்து போனது. 1970களில் வேகத்தைத் தேடியவர்கள் அதைப் போட்டார்கள். இழுபடாது, வலிமையும் உண்டு. ஆனால் மடங்கி மடங்கி நிமிர்வதை அந்த இழை தாங்காது. விற்குதையிலும் அம்பு பூட்டும் இடத்திலும் நாண் ஒவ்வொரு எய்தலுக்கும் மடங்குகிறது. எனவே கெவ்லார் நாண் முன்னறிவிப்பில்லாமல் அறுந்தது. பாலிஎத்திலீன் வந்ததும் அது ஒதுங்கிவிட்டது.

இதில் இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இழுபடுவது வேறு, நீண்டுபோவது வேறு. டேக்ரான் இழுபட்டுத் திரும்பி வருகிறது. பாலிஎத்திலீன் இழுபடுவதில்லை, ஆனால் பாரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், அந்த நீட்சி திரும்பி வராது. வெக்ட்ரான் என்ற வேறோர் இழையைக் கலந்து அந்தக் குறையைச் சரிசெய்கிறார்கள். அத்தகைய கலப்பு நூல்கள் பெரும்பாலும் கப்பி பொருத்திய காம்பவுண்டு விற்களுக்கானவை. மர வில் வைத்திருப்பவருக்கு அவை தேவையில்லை என்பது என் கருத்து. நாணை இரண்டு முறுக்கு ஏற்றினால் தீர்ந்துபோகும் பிரச்சினை அது.

ஆகவே முதல் விதி: உங்கள் வில் பழையதா, முனையில் கவசம் இல்லையா, யார் எப்போது செய்தார்கள் என்று தெரியவில்லையா? டேக்ரான் போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். முனையில் கொம்போ, மிக்கார்ட்டா போன்ற கெட்டிப்பட்ட தகடோ, பல அடுக்குக் கண்ணாடி இழையோ ஒட்டியிருந்து, செய்தவரும் இழுபடாத நாணைப் போடலாம் என்று சொல்லியிருந்தால் போடலாம். போட்டாலும் கண்ணியில் மட்டும் கூடுதல் இழை சேர்த்துத் தடிப்பாக்கிக் கொள்ளுங்கள். நடுவில் எட்டு இழை ஓடினாலும் கண்ணியில் பதினாறு இருக்கட்டும்.

நாண் வாங்கும்போது எல்லோரும் அஞ்சுவது அறுந்துபோகுமோ என்றுதான். இழை எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டிக் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். இயற்கை நாரில் நாண் திரிப்பவர்கள் வில்லின் இழுப்பு எடையைப் போல் குறைந்தது நான்கு மடங்கு தாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 45 பவுண்டு வில்லுக்கு 180 பவுண்டு. ஒரு டேக்ரான் இழை மட்டும் ஏறக்குறைய 50 பவுண்டு தாங்கும். பாலிஎத்திலீன் இழை நூறு பவுண்டுக்கு மேல். பதினான்கு இழை டேக்ரான் என்றால் 700 பவுண்டு. வலிமைக்காக மட்டும் என்றால் நான்கு இழை போதும். பிறகு ஏன் பதினான்கு? தேய்மானத்தைத் தாங்க, இழுபடுவதை ஓர் எல்லைக்குள் வைக்க, கண்ணி விற்குதையில் அகலமாக உட்கார, அம்பின் நாக், அதாவது அதன் பின்முனையில் நாணைக் கவ்வும் பிளவு, நாணில் சரியாகப் பொருந்த. டேக்ரானில் 30 பவுண்டு அளவுள்ள வில்லுக்குப் பத்து இழை, 40க்குப் பன்னிரண்டு, 50க்குப் பதினான்கு, அதற்கு மேல் பதினாறு என்ற வழக்கம் இப்படித்தான் நிலைபெற்றிருக்கிறது. அதை அப்படியே பின்பற்றலாம்.

அம்பின் நாக் என்றேன். இதை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் வில்லே போய்விடும். நாணின் நடுவில், அம்பு பூட்டி விரல் வைக்கும் இடத்தில், மேலே ஒரு நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றின் தடிமன்தான் நாக்கின் பிடியைத் தீர்மானிக்கிறது. வில்லைக் கிடையாகப் பிடித்து, நாணில் அம்பைப் பூட்டித் தரையை நோக்கித் தொங்க விடுங்கள். தொங்க வேண்டும். பிறகு அம்பிலிருந்து நான்கு விரல் தள்ளி நாணை ஒரு விரலால் லேசாகத் தட்டுங்கள். விழ வேண்டும். தட்டாமலே விழுந்தால் தளர்வு. எய்யும் கணத்தில் அம்பு நாணைவிட்டு நழுவினால், வெறும் வில்லை இழுத்து விட்டதைப் போலாகும். அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே வெடிக்கும். பலமுறை தட்டியும் விழாவிட்டால் இறுக்கம். நாக் பிளக்கும், அம்பும் கோணலாகக் கிளம்பும். மெல்லிய பாலிஎத்திலீன் நாணுக்கு மாறுகிறவர்கள் பழைய அம்புகளையே வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒரு நிமிட வேலை இது. செய்துவிடுங்கள்.

வேகம் என்ற ஆசையைப் பற்றி. அது பொய்யான ஆசை என்று சொல்ல மாட்டேன். இழுபடாத நாணில் அம்பு வேகமாகத்தான் போகிறது. அதே அம்புத் தண்டு சற்றே மெலிந்ததைப் போல் நடந்துகொள்ளும், அதனால் அம்பையும் மாற்ற வேண்டி வரலாம். ஆனால் வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் டேக்ரானிலும் கொஞ்சம் மீட்கலாம். நாணின் எடை முழுவதும் அம்போடு சேர்ந்து ஓடுவதில்லை. முனைகள் கொஞ்சமாக அசைகின்றன, நடு முழுவேகத்தில் ஓடுகிறது. ஆகவே நாண் முழுவதும் பரவியிருக்கும் எடையில் மூன்று கிராமைக் குறைத்தால்தான் அம்பில் ஒரு கிராமைக் குறைத்ததற்குச் சமம். நடுவில் இருக்கும் எடையோ ஒன்றுக்கு ஒன்று. நடுச்சுற்றை முழ நீளத்துக்குச் சுற்றி வைத்திருப்பவர்கள், அம்பு பூட்டும் இடத்தைக் காட்டப் பித்தளை வளையம் கடித்து வைத்திருப்பவர்கள் வேகத்தை அங்கேதான் இழக்கிறார்கள். வளையத்துக்குப் பதில் நூலால் ஒரு முடிச்சு கட்டுங்கள். ஓசையைக் குறைக்க நாணில் கம்பளிக் குஞ்சம் கட்டும் வழக்கம் உண்டு. அதைக் கண்ணியிலிருந்து நாணின் கால் பங்கு தூரத்தில் கட்டினால், அந்த இடம் நடுவின் பாதி வேகத்தில்தான் ஓடும்; அது தின்னும் ஆற்றல் ஏறக்குறைய கால் பங்கு. என் பழைய வில்லில் இந்த மூன்றையும் செய்தபோது, வேகமான நாண் கொடுத்த மகிழ்ச்சியில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

மெல்லிய நாணா தடித்த நாணா என்ற இந்த வழக்கு இன்று நேற்று தொடங்கியதன்று. ரோஜர் ஆஸ்கம் என்ற ஆங்கிலேயர் 1545இல் வில்வித்தை பற்றி எழுதிய நூலில், தடித்த நாண் வில்லுக்குப் பாதுகாப்பு, குறிக்கு நிதானம், ஆனால் வேகம் குறைவு என்றும், மெல்லிய நாண் தொலைவுக்கு ஏற்றது, ஆனால் அறுந்து வில்லையே முறிக்கக்கூடியது என்றும் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நான் சொல்வதும் அதுவே. அதே 1545இல்தான் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 1982இல் அதன் உடலைத் தூக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. நாண்கள் மிஞ்சவில்லை. அம்புகளின் பின்முனையில் வெட்டிய பள்ளத்தின் அகலத்தை வைத்து, நாண் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன் இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். நாண் எப்போதுமே முதலில் மறைந்துபோகும் பொருள். வில்லைப் பேரனுக்குக் கொடுக்கிறார்கள், நாணை யாரும் கொடுப்பதில்லை.

அப்படியும் ஒன்று தப்பிப் பிழைத்தது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த ஓட்ஸி என்ற மனிதன் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவனிடம் யூ மரத்தில் செதுக்கி முடிக்காத ஒரு வில் இருந்தது. அம்பறாத்தூணிக்குள் ஒரு கயிறு சுருட்டிக் கிடந்தது. அது விலங்கின் தசைநாணைத் திரித்துச் செய்தது, வில்நாணாக இருக்க வேண்டும் என்று 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தசையை எலும்போடு கட்டும் நாருக்குத் தமிழில் தசைநாண் என்று பெயர் வைத்தவர்களை நான் அந்தச் செய்தியைப் படித்தபோது வணங்கினேன். வில் இன்னும் முடியவில்லை, நாணை மட்டும் தயாராகச் சுருட்டித் தூணிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான். அந்த முன்யோசனையை நினைக்கும்போது அவன் எனக்குத் தெரிந்த ஆள் போலத் தோன்றுகிறது.

அர்த்தசாஸ்திரம் நாண் செய்யும் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் எருக்கு, சணல், மூங்கில், தசைநாண் ஆகியவை உண்டு. துருக்கிய வில்லாளர்கள் பட்டில் நாண் கட்டினார்கள். கண்ணிகளைத் தனியாகச் செய்து முடிச்சிட்டு இணைப்பார்கள். ஐரோப்பாவில் ஆளிச் செடியின் நாரும் கஞ்சாச் செடித் தண்டின் நாரும். இவற்றில் ஒன்றை மரபுக்காகவே போட வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆளி நார் நனைந்தால் வலுவிழக்காது, இன்னும் கூடும், எடைதான் ஏறும். தசைநாணும் பச்சைத் தோலும் நனைந்தால் தளர்ந்து குழைந்துவிடும். ஈரக் காற்றுள்ள நாளில் தோல் நாணோடு வெளியே கிளம்பாதீர்கள். தாவர நாரில் ஒரே சீரான நூல் கிடைப்பதும் அரிது. எங்கோ ஓரிடத்தில் மெலிந்திருக்கும், அங்கேதான் அறும். ஆகவே இவற்றைக் கையில் எடுப்பவர் வாரம் ஒரு முறையாவது நாண் முழுவதையும் விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

நீளத்துக்கு வருவோம். முனை வளைந்த வில்லுக்கு வில்லின் நீளத்தைவிட நான்கு அங்குலம் குறைவு, நெடுவில்லுக்கு மூன்று அங்குலம் குறைவு என்று தொடங்கலாம். என் 60 அங்குல வில்லுக்கு 56. இது தொடக்கம்தான். முடிவைச் சொல்வது பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. வில்லாளர்கள் அதை நாண் உயரம் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளைச் சேர்க்கும் கோட்டை நாண் என்றும் படித்தோமே, அந்தப் படத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். வில்லின் நீளம் மாறாமல் நாணைச் சற்றுக் குறைத்தால், நடுவில் உள்ள உயரம் அந்தக் குறைவைவிட அதிகமாகக் கூடும். நாணில் ஏற்றும் சில முறுக்குகள் வில்லின் குரலையே மாற்றுவது இதனால்தான்.

முனை வளைந்த விற்களுக்கு ஏழிலிருந்து ஒன்பது அங்குலம், நெடுவில்லுக்கு ஆறிலிருந்து ஏழு அங்குலம் வரை நாண் உயரம் இருப்பது வழக்கம். குறைந்துவிட்டால் நாண் மணிக்கட்டில் அடிக்கும், வில் அதிரும். கூடிவிட்டால் அம்பைத் தள்ளும் தூரம் குறைந்து வேகம் போகும். சரியான இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்கும். இரண்டு முறுக்கு ஏற்றுங்கள், ஆறு அம்பு எய்யுங்கள், கேளுங்கள். ஓர் இடத்தில் வில் திடீரென்று அடங்கும். “டங்” என்ற ஓசை “தும்” என்று மாறும். அந்த இடத்தை அளந்து எழுதி வையுங்கள்.

இந்தத் தாராளம் எல்லா நாணிலும் கிடைக்காது. நாண் கட்டுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒரே நூலை இரண்டு ஆணிகளுக்கு இடையில் வளைய வளைய ஓட்டி, முனைகளில் வேறு நூலால் சுற்றிக் கண்ணியாக்குவது ஒரு முறை. நேர்த்தியாக இருக்கும், குறி தவறாமல் எய்ய விரும்புகிறவர்களுக்குப் பிடிக்கும். இரண்டு அல்லது மூன்று புரிகளை எதிரெதிர்த் திசையில் முறுக்கிக் கயிறு போலவே திரிப்பது இன்னொரு முறை. மர வில்லுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கண்ணி தடிப்பாக, மெத்தென்று இருக்கும். முறுக்கை ஏற்றி இறக்கி நீளத்தை எளிதாக மாற்றலாம். எல்லாவற்றையும்விட, வீட்டிலேயே நம் கையாலேயே செய்யலாம்.

அந்த வெடிப்புக்குப் பிறகு நான் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். ஆசிரியர் இரண்டு நூல் உருண்டைகளைக் கொண்டுவந்தார், ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. ஒவ்வொன்றிலும் ஏழு இழை வெட்டினோம். இழைகளின் முனைகள் ஒரே இடத்தில் முடியாமல் படிப்படியாகக் குறையும்படி வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால்தான் வால் நாணோடு கரைந்துபோகும், முண்டு தட்டாது. தேன்மெழுகைத் தேய்த்து இரண்டு புரிகளையும் பிசுபிசுவென்று ஆக்கினோம். முனையிலிருந்து எட்டு அங்குலம் தள்ளி இடது கை விரல்களால் கிள்ளிப் பிடித்தேன். மேலே இருக்கும் புரியை எனக்கு எதிர்ப்புறமாக முறுக்கி, மற்றதன் மேலாக என் பக்கம் மடக்கிப் போட வேண்டும். பிறகு மேலே வந்திருக்கும் மற்றப் புரியை அதே போல. முறுக்கு, மடக்கு. முறுக்கு, மடக்கு. கறுப்பும் பழுப்பும் மாறி மாறி வந்து பாம்பின் முதுகு போல் வளர்ந்தது. மூன்று அங்குலம் வளர்ந்ததும் அதை வளைத்துக் கண்ணியாக்கி, கறுப்பு வாலைக் கறுப்புப் புரியோடும் பழுப்பு வாலைப் பழுப்புப் புரியோடும் சேர்த்து, வால்கள் தீரும்வரை முறுக்கிக்கொண்டே போனேன். மேல் கண்ணி பெரியது, நாணை இறக்கும்போது வில்லின் கையில் சறுக்கிக் கீழே வருவதற்கு. கீழ்க் கண்ணி சிறியது, விற்குதையைவிட்டு நகராமல் இருப்பதற்கு.

இந்தக் கண்ணியில் முடிச்சே இல்லை. எதிரெதிராக முறுக்கிய புரிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்பதுதான் பிடி முழுவதும். இழுக்க இழுக்க இறுகும். ஆகவே இரண்டு எச்சரிக்கைகள். முறுக்கை ஏற்றும்போது புரிகள் இறுகும் திசையிலேயே ஏற்ற வேண்டும். முறுக்கு முழுவதையும் ஒருபோதும் அவிழ்த்துவிடக் கூடாது. அவிழ்த்தால் பிடி போய்விடும். மறுபுறம், அளவுக்கு மீறி முறுக்கினால் நாண் சுருள்கம்பி போல் இழுபடத் தொடங்கும். அந்த அளவுக்கு முறுக்க வேண்டி வந்தால் நாண் நீளமாகிவிட்டது என்று பொருள். புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

என் முதல் நாண் நன்றாக அமையவில்லை. ஒரு கண்ணியில் புரிகள் தளர்ந்து கிடந்தன. ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்து, வில்லில் மாட்டாமல் கதவுக் கைப்பிடியில் மாட்டி என்னை முழு எடையோடு சாய்ந்து இழுக்கச் சொன்னார். தளர்ந்த பக்கம் இரண்டு அங்குலம் வழுக்கியது. “வில்லில் வழுக்காமல் இங்கே வழுக்கியதே, நல்லது” என்றார். மூன்றாவது நாண்தான் வில்லுக்குப் போனது. இன்றும் நான் திரிக்கும் ஒவ்வொரு நாணும் முதலில் கதவைப் பார்த்துவிட்டுத்தான் வில்லைப் பார்க்கிறது.

பராமரிப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாண் உலர்ந்து மயிர் கிளம்பியது போல் தெரிந்தால் மெழுகு தேயுங்கள். விரல் சூட்டில் உள்ளே இறங்கும்படி நிதானமாகத் தேயுங்கள். பாலிஎத்திலீன் நாணை வேகவேகமாகத் துணியால் தேய்த்துச் சூடேற்றக் கூடாது, அது 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும் பொருள். ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்றுங்கள். பையில் எப்போதும், ஏற்கெனவே எய்து பழக்கிய இன்னொரு நாண் இருக்கட்டும். மர வில்லை எய்து முடித்ததும் நாணை இறக்கி வையுங்கள். ஏற்றி இறக்குவதற்கென்று உள்ள கயிற்றைப் பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் வைத்து வளைத்தால் வில்லின் கை முறுகிவிடும்.

அந்த வில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெடிப்புக்குள் மெல்லிய பசையை இறக்கி, பிடிகருவியில் இறுக்கி, மூன்று நாள் அப்படியே விட்டோம். பிறகு இரண்டு முனைகளிலும் எருமைக் கொம்புத் தகடு ஒட்டி, விற்குதையை வட்ட அரத்தால் புதிதாக ராவி, நாண் படும் இடத்தில் ஒரு கூர்மைகூட இல்லாமல் உப்புத்தாளால் வழவழப்பாக்கினோம். அதற்குக் கீழே பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை பூசினோம். இப்போது அந்த முனை இழுபடாத நாணைத் தாங்கும் என்று ஆசிரியரே சொன்னார். நான் போடவில்லை. பதினான்கு இழை டேக்ரான்தான் அதில் இருக்கிறது.

போன வாரம் அதற்கு ஒரு புதிய நாண் திரித்தேன், மறுபடியும் கறுப்பும் பழுப்பும். புதிய நாண் முதல் நூறு அம்பு வரை தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும். முதல் நாள் எட்டு அங்குலத்தில் ஏற்றினேன். இன்று காலை அளந்தபோது ஏழரைக்கு இறங்கியிருந்தது, ஓசையும் கொஞ்சம் பரபரவென்று இருந்தது. நாணை இறக்கி, கீழ்க் கண்ணியைக் கழற்றி, ஆறு முறுக்கு ஏற்றி மாட்டினேன். மேல்முனையில் நகத்தை வைத்து விற்குதையிலிருந்து கீழே வரை இழுத்துப் பார்த்தேன். எங்கும் தடுக்கவில்லை. பிறகு முதல் அம்பைப் பூட்டினேன்.